மனநோயாளியின் அருகில் அமர்ந்த செவிலி

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, நம் சமுதாயத்துப் பெரியோர் ஒருவரின் வரலாற்றையே எழுதுவது முறையாகும் என்று நாம் முதலில் எண்ணினோம். அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார், எம்.சி. இராசா ஆகியோரைப் பற்றி வேறு அன்பர்கள் எழுத இசைந்துள்ளனர் என்று அறிந்தபின், கடல் கடந்த நாட்டில் பிறந்த ஓர் அம்மையாரைப் பற்றி எழுதத் துணிந்தோம். துணிந்ததற்குக் காரணம் உண்டு.

உதவித்தொகை வேண்டி நம் சங்கத்தை நாடும் மாணவியருள் ஆண்டுதோறும் சிலரேனும் செவிலியர் பயிற்சிக்குச் செல்பவர்கள். அவர்களுள் ஒருத்தி, மனநலச் செவிலியர் துறையில் மேற்படிப்புப் படிக்க விரும்புவதாகச் சொன்ன நாளில், அவளுடைய தாயார் நம் அலுவலகத் திண்ணையிலேயே அமர்ந்து அழுதுவிட்டார். “இவளைப் படிக்க வெச்சது பைத்தியங்களோட கெடக்கவாய்யா?” என்பது அவர் கேட்ட கேள்வி. நாம் ஆறுதல் சொன்னோமேயன்றி விடை சொல்லவில்லை. விடை சொல்லும் அறிவு அன்று நமக்கு இல்லை. பின்னர்த் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

அந்தத் தாயாரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. பிறர் தொட அஞ்சியவற்றையெல்லாம் தொடும் வேலை தலைமுறை தலைமுறையாக நம்மவர் தலையில் சுமத்தப்பட்டது. ஊரில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியர் பலர் நம் சேரிப் பெண்கள். தொப்புள்கொடி அறுத்த அந்தக் கைகளுக்குக் குழந்தை பிறக்கும்வரை மதிப்பு. பிறந்து, தீட்டுக் கழித்தபின், அதே வீட்டு முற்றத்தில் எட்டி நிற்க வேண்டும். அவர்களைச் செவிலியர் என்று எந்த நூலும் எழுதவில்லை. அவ்வாறிருக்க, படித்துப் பட்டம் பெற்ற மகள் மீண்டும் ஊர் ஒதுக்கியவர்களிடமே செல்வதா என்று ஒரு தாய் கேட்பதில் வியப்பு ஏது? ஒதுக்கப்பட்டவரின் அருகில் இருத்தல் இழிவான ஊழியமா, கல்வியும் ஆய்வும் வேண்டும் கலையா என்பதே இங்கு வழக்கு. அவ்வழக்கை வாழ்நாளெல்லாம் நடத்தியவர் ஹில்டகார்டு பெப்லாவ் அம்மையார்.

அவர் 1909ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ரெடிங் நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்து நாட்டினின்று குடியேறியவர்கள். தந்தையார் படிப்பு வாய்க்காத உழைப்பாளி. தாயார் கண்டிப்பு மிக்கவர். ஆறு பிள்ளைகளுள் இரண்டாம் மகள் இவர். மேற்படிப்பு என்ற சொல்லே அவ்வீட்டில் எழவில்லை. இவ்விடத்தில் நம் இளைஞர்கள் தத்தம் வீட்டை நினைத்துக்கொள்வார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் அவ்வூரையும் விடவில்லை. நம் நாட்டிலும் அக்காய்ச்சல் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. காய்ச்சலின் வேகத்தில் மனிதர் பிதற்றுவதையும், நிலைதவறி நடப்பதையும், அதைக் கண்ட குடும்பத்தார் கலங்குவதையும் ஒன்பது வயதுச் சிறுமியாக அவர் கண்டார். நோய் உடம்பில் மட்டும் நிகழ்வதன்று, மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலும் நிகழ்கிறது என்ற எண்ணத்திற்கு விதை அதுவே எனப் பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பர்.

1931இல் பென்சில்வேனியாவின் பாட்ஸ்டவுன் நகரத்து மருத்துவமனைப் பள்ளியில் செவிலியர் பயிற்சியை முடித்தார். அக்காலத்துச் செவிலியர் பள்ளி என்பது கல்விக்கூடமாகவும் கூலியில்லா வேலையிடமாகவும் ஒருங்கே இருந்தது. மாணவியரின் உழைப்பால் மருத்துவமனை நடந்தது. மருத்துவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பது முதற்பாடம். ஏன் என்று கேளாமை இரண்டாம் பாடம். இன்றும் சில பயிற்சிக் கூடங்களில் இப்பாடங்கள் வழக்கொழியவில்லை என்று நம் மாணவியர் சொல்லக் கேட்கிறோம்.

பயிற்சி முடித்தவர் அறுவைக் கூடத்தில் பணிபுரிந்தார். பின்னர் வெர்மாண்ட் மாநிலத்து பென்னிங்டன் கல்லூரியில் உடல்நலச் செவிலியாகச் சேர்ந்தார். மாணவியருக்குத் தலைவலி மாத்திரை கொடுக்கச் சென்றவர் அக்கல்லூரியிலேயே மாணவியாகி, 1943இல் உளவியலில் பட்டம் பெற்றார் என்பது நாம் பெரிதும் மகிழ்ந்து படித்த செய்தி. முப்பது வயது கடந்தபின் முதற்பட்டம்! வயது கடந்துவிட்டது என்று சொல்லி நம் சங்கத்தின் மாலை வகுப்புக்கு வர மறுக்கும் உறுப்பினர்கள் இவ்வரியை இருமுறை படிப்பார்களாக.

அக்கல்லூரி மாணவியாக இருந்தபோதே மேரிலாந்து மாநிலத்து செஸ்ட்நட் லாட்ஜ் என்னும் தனியார் மனநோய் மருத்துவமனையில் களப்பயிற்சி பெற்றார். அங்கே ஹாரி ஸ்டாக் சல்லிவன், ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் ஆகிய அறிஞர்களின் கருத்துகள் அவருக்கு அறிமுகமாயின. அவ்விருவரும் பிறர் கைவிட்ட கொடிய மனநோயாளிகளிடம் பேசியவர்கள். பேசலாம், பேச்சுக்குப் பொருளுண்டு என்று நம்பியவர்கள். சல்லிவனின் கொள்கைப்படி, மனிதனின் உளநிலை தனித்து அவன் மண்டைக்குள் மட்டும் இருப்பதன்று. அவனுக்கும் பிறருக்கும் இடையிலுள்ள உறவுகளில் உருவாவது. உறவால் கெட்டது உறவால் சீர்படும் எனின், நாள் முழுதும் நோயாளியின் அருகில் இருப்பவர் யார்? மருத்துவரா? அவர் வாரத்திற்குச் சில நிமிடங்கள் வந்து போகிறவர். செவிலியே அருகில் இருக்கிறாள். இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்த்ததுதான் பெப்லாவ் அம்மையாரின் முதற்பெருமை.

அக்காலத்து அரசு மனநோய் மருத்துவமனைகளின் நிலையை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். ஊருக்கு வெளியே, உயர்ந்த மதில்களுக்குள், ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டிருந்தனர். 1955ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மனநோய் மருத்துவமனைகளில் இருந்தோர் தொகை ஏறத்தாழ 5,59,000. கட்டிலுக்குக் கட்டில் இடைவெளியில்லை. ஈரத்துணியிற் சுற்றிக் கட்டுதல், இன்சுலின் ஊசியால் மயக்கமுறச் செய்தல், மின்னதிர்ச்சி, மூளையின் முன்பகுதி நரம்புகளை அறுத்தல் ஆகியவை சிகிச்சை எனப்பட்டன. செவிலியின் வேலை எண்ணிக்கை பார்ப்பதும், சாவிக்கொத்தைக் காப்பதும், குளிப்பாட்டி உணவூட்டுவதும், மருத்துவர் சொல்லியதைச் செய்வதும். நோயாளியிடம் பேசாதே என்றே பல இடங்களில் அறிவுறுத்தப்பட்டாள். சேரியும் ஊருக்கு வெளியே, பைத்தியக்கார ஆஸ்பத்திரியும் ஊருக்கு வெளியே என்னும் ஒற்றுமை நம் கண்ணுக்குப் படாமற் போகாது.

1943 முதல் 1945 வரை அம்மையார் இராணுவச் செவிலியர் படையில் இருந்தார். இங்கிலாந்திலிருந்த படை மருத்துவமனை ஒன்றில், போரால் மனம் சிதைந்த வீரர்களைக் கவனித்தார். அமெரிக்க, பிரித்தானிய மனநல மருத்துவர்கள் பலரோடு அங்கே பழகினார். அப்பழக்கம் பின்னர்ப் பெரிதும் உதவிற்று. 1946ஆம் ஆண்டின் தேசிய மனநலச் சட்டத்தால் மனநலக் கல்விக்கு அரசுப் பணம் வந்தபோது, செவிலியருக்கும் அதில் பங்குண்டு என்று பேச வல்லவராய் நின்றோருள் அவரும் ஒருவர்.

இவ்விடத்தில் சற்று விலகிச் சென்று ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். பெப்லாவ் அம்மையார் சேர்ந்த அதே செவிலியர் படையில், போர்க்காலம் முழுவதும் பணியாற்றியோர் 59,000க்கு மேற்பட்டவர். அவர்களுள் கறுப்பினப் பெண்கள் சுமார் 500 பேரே. தகுதி பெற்ற கறுப்பினச் செவிலியர் ஆயிரக்கணக்கில் இருந்தும், இத்தனை பேர்தாம் சேரலாம் என்று படை வரம்பு கட்டியிருந்தது. சேர்த்துக்கொண்டவர்களுள் பலரையும் பகை நாட்டுக் கைதிகளைக் கவனிக்க அனுப்பியது. தன் நாட்டு வீரனைத் தொடத் தகாத கை, சிறைப்பட்ட எதிரியைத் தொடத் தகும் என்பது அவர்கள் கண்ட நீதி. இதை எதிர்த்துப் போராடியவர் மேபெல் ஸ்டாப்பர்ஸ் என்னும் கறுப்பினச் செவிலி. 1908இல் தோன்றிய கறுப்பினப் பட்டதாரிச் செவிலியர் தேசியச் சங்கத்தின் நிருவாகி. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் வரை முறையிட்டு, செய்தித்தாள்களில் எழுதச் செய்து, 1945 சனவரியில் அவ்வரம்பை உடைத்தார். அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1948இல் கறுப்பினத்தாருக்குத் தன் கதவைத் திறந்தது. தனிச் சங்கம் தேவையற்றது எனக் கருதி, 1951இல் அதனைக் கலைத்துவிட்டனர். பெப்லாவ் அம்மையாரின் வரலாற்றை எழுதும்போது இதனை எழுதாது விட்டால் நம் பேனா நமக்கே கூசும். அவர் ஏழை வீட்டிற் பிறந்தவர். பெண் என்பதால் தடுக்கப்பட்டவர். எனினும் அவருக்குத் திறந்த வாயில்களுட் சில வேறு சிலருக்குத் திறக்கவில்லை.

போர் முடிந்தபின் அவர் சென்று படித்த இடம் நம்மனைவருக்கும் பழக்கமான பெயருடையது. நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகம்! அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற அதே கலைக்கழகம். அதன் ஆசிரியர் கல்லூரியில் பெப்லாவ் அம்மையார் 1947இல் முதுகலைப் பட்டமும் 1953இல் கல்வியியல் முனைவர் பட்டமும் பெற்றார். அண்ணல் தம் ஆசான் எனப் போற்றிய ஜான் டூயி அங்கே கற்பித்தவர்; பட்டறிவின் வழியே கற்பதே கல்வி என்ற அவர் கொள்கை அமெரிக்கக் கல்வியுலகில் ஆழ ஊன்றியிருந்தது. நோயும் ஒரு பட்டறிவு, அதினின்றும் நோயாளி கற்று வளரலாம் என்று பெப்லாவ் எழுதியதைப் படிக்கும்போது அக்கொள்கையின் சாயலை நாம் காண்கிறோம். 1952 சூன் திங்களில் கொலம்பியா அண்ணலுக்குச் சட்டத்துறை மதிப்புறு முனைவர் பட்டம் அளித்துத் தன்னைப் பெருமைப்படுத்திக்கொண்டது. பெப்லாவ் அம்மையாரின் பெருநூல் வெளிவந்ததும் அதே 1952இல்தான்.

அந்நூல் வெளிவந்த கதையை நம் எழுத்தாளர்கள் அறிய வேண்டும். செவிலிப் பணியில் மனித உறவுகள் என்னும் பொருள்பற்றியது அது. எழுதி முடித்தது 1948இல். ஆனால் நான்காண்டுகள் அச்சேறவில்லை. காரணம், நூலாசிரியர் ஒரு செவிலி. மருத்துவர் ஒருவர் பெயரையும் உடனாசிரியராகச் சேர்க்காமல் ஒரு செவிலி தனித்து இத்தகைய நூலை வெளியிடுவது அந்நாளில் கேள்விப்படாத துணிவு. அம்மையார் மருத்துவரின் பெயரைச் சேர்க்கவில்லை. காத்திருந்தார். தம் பெயர் ஒன்றோடே நூலை வெளியிட்டார்.

நம்மவருள் ஒருவர் நூல் எழுதினால், முன்னுரைக்கு எவரிடம் செல்வது என்று முதலில் கவலைப்படுகிறோம். பெரிய இடத்து முன்னுரை இல்லையேல் நூல் நிற்காது என்று அஞ்சுகிறோம். கையொப்பத்திற்காக ஒரு பெரிய மனிதரின் வாயிலில் மூன்று திங்கள் காத்து நின்று, ஈற்றில் “இதெல்லாம் நீங்களே எழுதினதா?” என்று கேட்கப்பெற்றுத் திரும்பிய அன்பர் ஒருவரை நாம் அறிவோம்.

இனி அந்நூல் சொல்வது யாது? கடினமான கொள்கை என்று சிலர் அஞ்சுவர், அஞ்ச வேண்டுவதில்லை. முதலில் செவிலியும் நோயாளியும் ஒருவருக்கொருவர் அந்நியர். இதனை ஒப்புக்கொள்வதிலிருந்தே அவர் தொடங்குகிறார். நோயாளி என்றவுடனே அவரைக் குழந்தைபோல் நடத்துவதோ, மிரட்டுவதோ, முன்பே அறிந்தவர்போல் பாவிப்பதோ கூடாது. புதிதாகச் சந்திக்கும் எந்த மனிதருக்கும் காட்டும் மரியாதையை அவருக்குக் காட்டுக என்கிறார். பிறகு அறிமுகம் வளர்ந்து, தன் இடர் இன்னதென்று நோயாளி சொல்லத் தொடங்குகிறார். இவர் எனக்கு உதவக்கூடியவர் என்று செவிலியோடு ஒன்றுகிறார். அடுத்து, கிடைக்கும் உதவியனைத்தையும் தம் தேவைக்குப் பயன்கொள்கிறார். ஈற்றில் அவ்வுதவி தேவையின்றித் தம் காலில் நின்று விடைபெறுகிறார். நோயாளி தம்மையே என்றும் சார்ந்திருக்க வேண்டும் என்று விரும்பும் செவிலி தோற்றவள். விடைபெறுதலையும் தொழிலின் ஒரு பகுதியாக எழுதியதே அந்நூலின் அழகு என்பது நம் கருத்து.

இவ்வுறவின் போக்கில் செவிலி பல வேடம் ஏற்கிறாள். அந்நியராக, ஆசிரியராக, வேண்டிய செய்தி தருபவராக, வழிநடத்துபவராக, ஆலோசகராக. சிலபோது நோயாளி அவளைத் தன் தாயாகவோ, தன்னை அடித்த மாமியாராகவோ நினைத்துச் சீறுவார். அந்தச் சீற்றம் தனக்கு உரியதன்று என்று செவிலி உணர்ந்து, தான் அவர்களிலிருந்து வேறானவள் என்று மெல்லப் புலப்படுத்த வேண்டும்.

மனப்பதற்றத்தை அவர் நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டியது உலகெங்கும் பாடமாயிற்று. இலேசான பதற்றம் கண்ணையும் காதையும் கூர்மையாக்கும், கற்பதற்கு நன்று. நடுத்தரப் பதற்றத்தில் கவனம் ஒருமுனைப்பட்டுச் சுருங்கும். கடும் பதற்றத்தில் சிதறிய துணுக்குகளே புலப்படும். சொல்வது பாதி ஏறாது. நான்காவது பீதி, அந்நிலையில் அறிவுரை சொல்வது வீண். அருகில் இருந்து, சிறு சிறு சொற்களில், அமைதியான குரலில் பேசுதலே செய்யத்தக்கது. பதற்றம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். ஆதலின் செவிலி தன் பதற்றத்தை முதலில் அறிதல் வேண்டும். முதன்முதல் நேர்முகத் தேர்வுக்குச் சென்று, மேசைக்கு அப்பால் ஐவர் அமர்ந்திருக்கக் கண்டு, தந்தை பெயரைக்கூட மறந்து நின்ற நம் பிள்ளைகளுக்கு மூன்றாம் படி எதுவென்று விளக்க வேண்டுவதில்லை.

அம்மையார் சொற்களை நிறுத்துப் பார்த்தவர். மனம் சிதைந்தவர் “அவங்க என்னை விடமாட்டேங்கிறாங்க” என்று சொன்னால், செவிலி தலையாட்டிவிடக் கூடாது; “அவங்கன்னா யாருங்க?” என்று கேட்க வேண்டும். பெயரில்லாத பகைவருக்குப் பெயர் தேடும்போதே நோயாளி உலகத்திற்குச் சிறிது திரும்பி வருகிறார். அவ்வாறே “நாம இப்போ குளிக்கலாமா?” என்று செவிலியர் கேட்கும் வழக்கத்தையும் அவர் கண்டித்தார். குளிக்கப் போவது நோயாளி மட்டுமே. அதில் நாம் எங்கே வந்தது? தான் எங்கே முடிகிறது, பிறர் எங்கே தொடங்குகிறார் என்பதே தெளிவற்றிருப்பவரிடம் இச்சொல் குழப்பத்தை வளர்க்கும் என்றார். இக்கட்டுரையை நாம், நாம் என்று எழுதிச் செல்லும் நம்மையும் அவர் நிறுத்தி, யார் அந்த நாம் என்று கேட்டிருப்பார். கேட்கத்தக்க கேள்விதான்.

நூலாசிரியராக அவர் பெற்ற புகழினும் ஆசிரியராக அவர் செய்த பணி பெரிது. 1954இல் நியூஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1974இல் ஓய்வு பெறும்வரை இருபதாண்டுகள் அங்கே கற்பித்தார். மனநலச் செவிலிமையில் நேரடிச் சிகிச்சைக்கு வல்லுநரை உருவாக்கும் முதுநிலைப் படிப்பை முதன்முதல் அங்கே தொடங்கினார். நிருவாகியாகவோ ஆசிரியராகவோ ஆவதற்கன்றி, நோயாளியிடம் சிறப்பாகப் பணி செய்வதற்கே ஒரு முதுநிலைப் பட்டம் என்பது அதற்குமுன் செவிலியர் உலகம் அறியாதது. திறமையுள்ளவள் நோயாளியை விட்டு மேசைக்கு ஏறுவதே உயர்வு என்றிருந்த வழக்கத்தை அவர் திருப்பிப் போட்டார்.

அவர் கற்பித்த முறை எளியது, ஆனால் கடியது. மாணவி ஒரு நோயாளியைத் தேர்ந்து, குறித்த நாளில் குறித்த நேரம் அவரோடு அமர வேண்டும். வராது போனால் நோயாளிக்கு அது இன்னொரு கைவிடல். பேசினாலும் பேசாவிட்டாலும் அந்நேரம் அவருக்கு உரியது. பின்னர் நடந்ததனைத்தையும் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுத வேண்டும். நோயாளி சொன்னது, தான் சொன்னது, நடுவே நின்ற மௌனம், அப்பொழுது தன் மனத்தில் எழுந்தது எல்லாம். அதனை ஆசிரியருடன் அமர்ந்து வரி வரியாக ஆராய வேண்டும். ஏன் அவ்விடத்தில் பேச்சை மாற்றினாய்? அவர் அழுதபோது ஏன் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாய்? தண்ணீர் அவருக்குத் தேவைப்பட்டதா, உனக்குத் தேவைப்பட்டதா? இவ்வாறு கேட்கப்பெற்ற மாணவியர் கண்ணீர் சிந்தியதும் உண்டு, கற்றதும் உண்டு.

கோடை விடுமுறைகளில் அவர் வீட்டிலிருந்ததில்லை. நாடெங்குமுள்ள அரசு மனநோய் மருத்துவமனைகளுக்குச் சென்று செவிலியருக்குப் பட்டறைகள் நடத்தினார். பல்கலைக்கழகத்தின் நிழலே படாத, சாவிக்கொத்து ஒன்றே கல்வியென்றிருந்த செவிலியரிடம் சென்று, நோயாளியிடம் பேசக் கற்றுக்கொடுத்தார். பட்டம் பெற வருவோருக்கு மட்டும் கற்பித்து அமையாமல் வர இயலாதோரைத் தேடிச் சென்றதால் அவர்பால் நமக்கு மதிப்பு மிகுதி. அக்காலத்தில்தான், 1954 முதல், குளோர்புரோமசின் என்னும் மருந்து அம்மருத்துவமனைகளுக்குள் வந்தது. கூச்சல் அடங்கிற்று. மருந்து வந்தபின் பேச்சு எதற்கு என்று கேட்டவர் உண்டு. அடங்கியவருக்கு யாரும் துணையில்லை என்பதைச் சாலையோரங்களிலும் கோயில் வாயில்களிலும் நாம் இன்றும் காண்கிறோம்.

அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் நிருவாக இயக்குநராகவும், 1970 முதல் 1972 வரை தலைவராகவும் இருந்தார். இரு பதவியையும் வகித்தவர் அவர் ஒருவரே என்பர். உலகச் செவிலியர் பேரவையிலும் பணியாற்றினார். ஓய்வுக்குப்பின் பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு அமைய உதவினார். செவிலியருக்கான மிகவுயர்ந்த உலக விருதாகிய கிறிஸ்தியானே ரைமன் பரிசு 1997இல் கிடைத்தது. 1999 மார்ச் 17ஆம் நாள் கலிபோர்னியாவில் காலமானார். பதவிகளின் பட்டியல் இவ்வளவு போதும்.

அவரிடம் குறை காண்பார் இல்லாமலில்லை; நாமும் ஒன்றிரண்டு சொல்வோம். பேச வல்லவருக்கே அவர் முறை பெரிதும் பொருந்தும். பேச்சற்ற முதியவருக்கும் மூளை வளர்ச்சி குன்றியவருக்கும் வேறு வழி வேண்டும். ஒரு செவிலிக்கு ஒரு நோயாளி என்னும் கணக்கு, ஒரு செவிலிக்கு நூறு நோயாளிகள் உள்ள கூடத்தில் எவ்வாறு நடக்கும் என்ற கேள்விக்கு முழு விடை இல்லை. மேலும், 1965இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம், இனிச் செவிலியர் கல்வி உயர்கல்வி நிறுவனங்களிலேயே அமைய வேண்டும் என்று அறிவித்தது. தொழிலை உயர்த்துவதற்கு அது தேவையாக இருக்கலாம். ஆயினும் பட்டயப் படிப்பே ஏழை வீட்டுப் பெண்ணின் ஏணி. ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டு மாடியை அழகுபடுத்துவது எவருக்கு நன்மை? பெப்லாவ் அம்மையாரும் மருத்துவமனைப் பட்டயத்திலிருந்தே ஏறியவர் என்பதை அவருடைய அன்பர்கள் மறக்கலாகாது.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். சென்னையில் மனநோயாளிகளுக்கான இல்லம் 1794லேயே தோன்றிவிட்டது. அதன் வழிவந்ததே கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை. ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கிய பெருமை நம் தமிழுலகுக்கு உண்டு. திரைப்படத்திலும் தெருவிலும் “கீழ்ப்பாக்கம் போக வேண்டியதுதான்” என்று சிரிப்போர், அங்கே இரவு முழுதும் விழித்திருக்கும் செவிலியை நினைப்பதில்லை. 1912ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளிகளைப் பித்தர் என்றே அழைத்தது. 1987இல் மனநலச் சட்டம் வந்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட இயலாமல் மாண்டனர். எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் சங்கிலியை அவிழ்க்கச் சொல்லும். அவிழ்த்தபின் அருகில் அமர்பவர் எவர்? பெங்களூர் மனநல நிறுவனத்தில் 1950களிலேயே மனநலச் செவிலியர் பட்டயப் படிப்பு தொடங்கிற்று. நம் செவிலியர் கல்லூரிகளில் பெப்லாவ் அம்மையாரின் கொள்கை பாடமாக இருக்கிறது. அரசுப் பணியும் உண்டு, ஆசிரியப் பணியும் உண்டு. பிற வார்டுகளைவிடப் போட்டி குறைவு. காரணம் நாம் முன்பே சொன்ன அச்சம்.

திண்ணையில் அமர்ந்து அழுத தாயாரின் மகள் படிக்கத்தான் சென்றாள். கட்டணத்தில் ஒரு பகுதியைச் சங்கம் கொடுத்தது. எஞ்சியதற்கு அந்தத் தாயார் கம்மலை வைத்தார். விடுமுறைக்கு வந்தவள் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்திருந்தாள். பக்கத்தை நெடுக்கே கோடிட்டு மூன்றாகப் பிரித்திருந்தாள்: நோயாளி சொன்னது, நான் சொன்னது, எனக்குத் தோன்றியது. நோயாளியின் பெயர் எங்கும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாயார் கேட்டுக்கொண்டதால் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினாள். சோற்றில் மருந்து கலக்கிறார்கள் என்று சாப்பிட மறுத்த ஓர் அம்மாளின் அருகில் அமர்ந்தது பற்றிய பக்கம் அது. யார் கலக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். நான்கு நிமிடம் மௌனம் என்று நடுவே எழுதியிருந்தது. மூன்றாம் பத்தியில், என் கை நடுங்கியது, எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது என்றிருந்தது. ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையில், போகாமல் இருந்தது ஏன், எழுதுக என்று குறித்திருந்தார்.

தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அந்தம்மா அப்புறம் சாப்பிட்டாங்களா?” என்று கேட்டார்.

“அன்னைக்கு இல்லம்மா. மறுநாள் கொஞ்சம் சாப்பிட்டாங்க.”